மூச்சு வாங்கும் இடம்

துக்க வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்கக் கூடாது என்பதற்காகக் கானரிக் குருவியைக் கூண்டோடு தம்பி வீட்டுக்கு அனுப்பிவைத்தவள் என்கார்னா. தொலைக்காட்சிப் பெட்டிமேல் கறுப்புத் துணி போர்த்தியாகிவிட்டது. வானொலி அலமாரிக்கு மேலே ஏறி, தண்டனை வாங்கிய பிள்ளை மாதிரி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. ஹெரெஸ் ஊரின் சாந்தியாகோ பேட்டையில் ஜிப்சிக் குடும்பத்தில் சாவு விழுந்தால் இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் குருவி வரைக்கும் போனவர்கள் அங்கேயும் குறைவுதான். "குருவி பாடினா ஊர்க்காரன் குருவியையா பேசுவான்? என்னைத்தானே பேசுவான்" என்றாள் என்கார்னா. அதற்குமேல் அவளிடம் வாதாட யாருக்குத் துணிச்சல் வரும்?

அப்படிப்பட்ட வீட்டுக்குள், ஜூன் மாதத்து ஒரு காலையில், அவளுடைய சொந்த மகளின் குரலே ஜன்னல் வழியாக வந்து நுழைந்தது.

மகள் ரெமெ அப்போது அடுப்படியில் கொண்டைக்கடலை களைந்துகொண்டிருந்தாள். தெருமுனையில் ரொட்டி வண்டி வந்து நின்றது. வண்டிக்காரன் கதவை ஆவென்று திறந்து போட்டுவிட்டுக் கடைக்குள் போனான். உள்ளேயிருந்து முதலில் இயந்திர மேளம் தும் தும் என்று வந்தது. பின்னாலேயே அவள் குரல்.

*வெளிக்கதவைச் சாத்தாதே,*
*விறகு வாங்கப் போயிருக்கேன்;*
*தணல் அணைஞ்சு போகும் முன்னே*
*திரும்பி வந்து சேர்ந்திடுவேன்.*

ரெமெயின் கை தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது. பாட்டு இன்றைக்கு வெளிவருகிறது என்று அவளுக்குத் தெரியும். வெளிவருவது என்றால் செவில்யாவில், மத்ரீத்தில், இளசுகளின் செல்போன்களில் என்று நினைத்திருந்தாளே தவிர, தன் வீட்டு வாசலுக்கு ரொட்டியோடு வரும் என்று நினைக்கவில்லை.

மேசையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த என்கார்னா எழுந்தாள். ஜன்னலுக்குப் போய் மரக்கதவுகள் இரண்டையும் இழுத்துச் சாத்திக் கொக்கி போட்டாள். திரும்பி வந்து உட்கார்ந்து, அந்த அரை இருட்டில் மறுபடியும் பட்டாணியை உரித்தாள். மகளை ஏறிட்டும் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை. என்கார்னா திட்டினால் மூன்று தெரு தள்ளி நாய் எழுந்து போகும், ஆனால் சாயங்காலத்துக்குள் எல்லாம் ஆறிவிடும். அவள் பேசாமல் இருந்தால்தான் நாள் கணக்கில் நீளும்.

கதவைச் சாத்தாதே என்று பாடின பாட்டுக்குத்தான் முதல் கதவு சாத்தப்பட்டது. ரெமெ அதை நினைத்துச் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் கடலையைக் களைந்து முடித்தாள்.

அந்தப் பாட்டைப் பாட அவளை இழுத்துக்கொண்டு போனவன் அண்ணன் நார்தோ. ரெமெ பல வருஷமாக ஆட்டக்காரிகளின் முதுகைப் பார்த்தே பாடி வந்தவள். மதுக்கடை மேடைகளில் ஆடுபவளுக்கு விளக்கு, பாடுபவளுக்கு நாற்காலி. "உன் முகம் எப்படியிருக்கும்னு இந்த ஊரு மறந்தே போச்சு" என்று நார்தோ சொல்வான். அவன் பகலில் திராட்சை மதுக் கிடங்கில் பீப்பாய் உருட்டினான், சாயங்காலமானால் பாடுபவர்களுக்கு இரண்டு கையையும் தட்டிக் கைத்தாளம் போட்டான். கிதார் இல்லாமல் ஒரு விழா நடந்துவிடும். கைத்தாளம் இல்லாமல் ஹெரெஸில் ஒன்றும் நடக்காது. பீப்பாய் ஒன்று உருண்டு அவன் இடது மோதிர விரலை நசுக்கியதிலிருந்து, அவன் தட்டும் ஒவ்வொரு தட்டுக்கும் பின்னால் சுள்ளி ஒடிவதுபோல ஒரு சின்னச் சத்தம் ஒட்டிக்கொண்டே வரும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் நார்தோ என்று சொல்லிவிடலாம். கல்யாணப் பேச்சை எடுத்தால், "என் ரெண்டு கையும் ஏற்கெனவே ஒண்ணுக்கொண்ணு வாக்கப்பட்டாச்சு, இனிமே எவ வந்தாலும் சக்களத்திதான்" என்று இரண்டையும் தூக்கிக் காட்டுவான்.

செவில்யாவில் யெராய் என்று ஒருவன், பழைய பாட்டோடு இயந்திர மேளத்தையும் மின்சாரக் கருவிகளையும் கலந்து பாட்டுப் பதிகிறான் என்று கேள்விப்பட்டு, முதலில் அவனைத் தேடிப் போனதும் நார்தோதான். பேட்டையில் பாதிப் பேருக்கு அந்தக் கலப்படம் பிடிக்காது. நார்தோவுக்குப் பிடித்திருந்தது. "அந்தத் தும் தும்மைக் கேட்டும் உன் இடுப்பு ஆடலேன்னா, நீ செத்துப்போய் ரெண்டு நாளாச்சுன்னு அர்த்தம்" என்றான். ஆனால் பதியும்போது ஒரு நிபந்தனை போட்டான். மேளத்தை அப்புறம் போட்டுக்கொள், முதலில் என் தங்கச்சி பாடட்டும், நான் தட்டுகிறேன், வேறு ஒன்றும் வேண்டாம். ஜனவரியில் ஒரு குளிர்ந்த மத்தியானம் அப்படித்தான் பதிந்தார்கள். எதிரெதிரே உட்கார்ந்து, முழங்கால் இடிக்கிற தூரத்தில்.

பிப்ரவரியில் அவன் கிடங்கில் பீப்பாய்களுக்கு நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

துக்கம் விசாரிக்க யெராய் செவில்யாவிலிருந்து வந்தான். அவனுக்கு ஜிப்சி வழக்கம் தெரியாது, சிவப்புக் காலணியோடு வந்து நின்றான். ஆனாலும் ஓரமாக நின்று நிஜமாகவே அழுதான். ஏப்ரலில் போன் செய்து, "பாட்டை நிறுத்தி வைக்கட்டுமா, ரெமெ?" என்று கேட்டான். ரெமெ போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு, "உன் இஷ்டம்" என்றாள். உன் இஷ்டம் என்றால் ஆமாம் என்றும் அர்த்தமில்லை, இல்லை என்றும் அர்த்தமில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ரெமெக்குத் தெரியும், தான் சொன்னது வெளியிடு என்பதுதான். அவள் அதை விரும்பினாள். கறுப்பு உடுத்தி, வாசலில் தலை குனிந்து நடந்து, உள்ளுக்குள் விரும்பினாள். முகம் மறந்துபோன ஊர் ஒரு தடவை தன் குரலையாவது நிமிர்ந்து கேட்கட்டுமே என்று.

கேட்டது. கேட்டுத் தொலைத்தது. அந்த ஜூன் மாதம் பாட்டு இல்லாத இடமில்லை. தையல் கடையில், பேருந்தில், தேவாலயத்துக்கு எதிரே சுண்ணாம்பு அடிப்பவனின் ஏணிக்குக் கீழே. சந்தையில் மீன் விற்கும் பெபா, கத்தியைத் துடைத்துக்கொண்டே, "துக்கம் நல்லா ராகமாத்தான் இருக்குடி" என்றாள். பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் மீனை முகர்ந்து பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டார்கள். ரெமெ காசு கொடுத்து வாங்கிய நெத்திலியை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள்.

வீட்டில் ஜன்னல் திறக்கவே இல்லை. ஹெரெஸ் வெயிலுக்கு மத்தியானம் சாத்துவது எல்லா வீட்டிலும் உண்டு, சாயங்காலம் திறந்துவிடுவார்கள். என்கார்னா ராத்திரியும் திறக்கவில்லை. மகளிடம் பேச்சு, உப்பு, தண்ணீர், விளக்கு என்ற அளவோடு நின்றது. அம்மாவுக்கு மிச்சமிருப்பது தான் ஒருத்திதான், தனக்கும் அம்மா ஒருத்திதான், அந்த ஒரே ஆளும் இப்படியே போய்விட்டால் என்ன செய்வது என்று ரெமெக்குப் பயம் பிடித்துக்கொண்டது. யெராய் இதற்குள் இரண்டு தடவை கூப்பிட்டான். ஆகஸ்டில் காதிஸ் கடற்கரையில் பெரிய மேடை, நடுவில் நின்று பாட வேண்டும், சம்மதமா என்றான். அவள் அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள். இந்த ஜன்னல் திறக்காமல் எந்த மேடையில் ஏறி எதைப் பாடுவது?

ஒரு சாயங்காலம் பிராஸ்கோ மாமா வந்தார். என்கார்னாவின் தம்பி. பேட்டையில் சண்டை தீர்க்கக் கூப்பிடுகிற ஆள், தன் அக்காவிடம் மட்டும் வாய் நடுங்கும். மாடிப்படி ஏறி உள்ளே வந்தவர் தொப்பியை எடுத்து விசிறிக்கொண்டார்.

"அக்கா, ஜன்னலைத் திற. அடுப்புல கோழி வேகுதோ இல்லையோ, நாங்க வெந்துட்டோம்."

"வேகு" என்றாள் என்கார்னா. அவள் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"குருவி வேற அங்க ஓயாமக் கத்துது. என் பொண்டாட்டி குருவியை வெச்சுக்க, என்னை அனுப்பிடுங்கறா."

"அனுப்பு. பெரிய கூண்டா வாங்கிப் போடறேன்."

மாமா ரெமெயைப் பார்த்தார். ரெமெ தரையைப் பார்த்தாள். மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததை எடுத்துவிட்டார்.

"நான் ஒண்ணு சொல்றேன், கேளு. அது ஜனவரிக் குரல்க்கா. ஜனவரியில நம்ம வீட்டுல யாரு செத்தா? ஒருத்தரும் சாகல. துக்கமே இல்லாதப்போ பாடினது இப்போ எப்படித் தப்பாகும்?"

"போன வருஷம் பிழிஞ்ச திராட்சைதான்டா இந்த வருஷம் உனக்குப் போதை ஏத்துது. ஜனவரியாம்."

"அது வேற..."

"நான் என்ன, அவ பாடினதுக்கா குமையறேன்?" என்கார்னா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். மகளிடம் பேசாமல் தம்பியிடமே பேசினாள். "வெளிய வருதுன்னு அவளுக்குத் தெரியும். என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாளா? ரொட்டிக்காரன் சொல்லித்தான் நான் தெரிஞ்சுக்கணுமா?"

"சொல்லியிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பே" என்றாள் ரெமெ.

"ஆமா, சொல்லியிருப்பேன். அதுக்குத்தானே சொல்லணும்!"

நியாயம்தான். மாமா தொப்பியை மறுபடியும் தலையில் வைத்துக்கொண்டார், வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்று ஞாபகம் வந்து எடுத்தார்.

அப்போதுதான் கீழே கார் வந்து நின்றது. தெருவில் குழாய்க்காகத் தோண்டிப் போட்டிருந்தார்கள், முன்னால் போன வண்டி பள்ளத்தில் மாட்டிக்கொண்டது. பின்னால் நின்றவன் ஜன்னலை இறக்கிவிட்டுப் பாட்டைப் பெரிதாக வைத்துக்கொண்டு காத்திருந்தான். வேறெந்தப் பாட்டு? சாத்திய கதவின் இடுக்குகளில் எல்லாம் அது வந்தது. ரெமெ எழுந்து அடுப்படிக்குப் போகப் பார்த்தாள். ஆனால் பாட்டின் நடுவில் ஓர் இடம் உண்டு. மேளம் நின்றுவிடும், மின்சாரக் கருவிகளும் நின்றுவிடும், கைத்தாளம் மட்டும் கொஞ்ச தூரம் தனியாகப் போகும். அந்த இடம் வந்துவிட்டது.

என்கார்னாவின் தலை நிமிர்ந்தது.

"அது யாரு கை?"

பள்ளத்தில் மாட்டிய வண்டி உறுமியது. கை தட்டிக்கொண்டே போனது, ஒவ்வொரு தட்டுக்குப் பின்னாலும் அந்தச் சுள்ளி ஒடிகிற சத்தத்தோடு.

"நார்தோ" என்றாள் ரெமெ.

மாமா சிலுவை போட்டுக்கொண்டார். என்கார்னா ஜன்னலுக்குப் பக்கத்தில் போய், சாத்திய கதவில் காதை வைத்து நின்றாள். கார் நகர்ந்து சத்தம் தேய்ந்து போகும்வரை அப்படியே நின்றாள். திரும்பியபோது அவள் முகத்தில் ரெமெ எதிர்பார்த்த எதுவும் இல்லை. கோபம்தான் இருந்தது. புதுக் கோபம்.

"விரல் அவனோடதுதான். அந்த நசுங்கின விரலுக்கு எண்ணெய் தடவிக் கட்டுப் போட்டவ நான், எனக்குத் தெரியாதா? ஆனா நடை அவன் நடை இல்ல. யாரோ அவன் முதுகுல கட்டையைக் கட்டி நடக்க விட்டிருக்காங்க."

"அது வந்தும்மா... எந்திரத்துல போட்டு நேராக்கினது. மேளத்தோட ஒட்டணும் இல்லையா. யெராய்தான்..."

"எப்போ?"

"மார்ச்சுல."

என்கார்னா மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "செத்தவனைத் திருத்தினீங்களா?" என்று கேட்டாள். சத்தம் போடாமல்தான் கேட்டாள்.

யெராய்தான் என்று ரெமெ சொன்னது பொய். அந்தப் பொய் வாயைவிட்டு வந்த உடனேயே அவளுக்குக் கசந்தது. மார்ச் மாதம் யெராய் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, மேளம் சேர்த்த பாட்டைப் போட்டுக் காட்டியபோது, நார்தோவின் கையை அவன் தொட்டிருக்கவில்லை. மேளத்தைத்தான் அங்கங்கே நிறுத்தி, அவனுக்கு இடம் விட்டு அடுக்கியிருந்தான். நார்தோ எப்போதும் ஒரு நூலளவு தாமதித்துத் தட்டுகிறவன். எல்லா இடத்திலும் இல்லை, சில இடத்தில். முதல் இடத்தில் ரெமெ அதைக் கேட்டாள். இரண்டாவது இடத்தில் அது ஏன் என்று அவளுக்குப் புரிந்தது. மூன்றாவது இடம் வரும் முன்னே காதிலிருந்ததைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "நேராக்கிடு" என்றாள். "நிஜமாவா?" என்றான் யெராய். "இப்படி இருக்கறதுதானே அழகு?" "நேராக்கிடுன்னா நேராக்கிடு." அவளால் அதைத் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். யெராய் பாவம், சொன்னதைச் செய்தான்.

மறுநாள் காலை முதல் ரயிலில் அவள் செவில்யாவுக்குப் போனாள். ஜூன் வெயிலில் கழுத்திலிருந்து கணுக்கால்வரை கறுப்பு. எதிரே உட்கார்ந்திருந்த பெண் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு விரலால் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டு வந்தாள். எந்தப் பாட்டு என்று ரெமெ கேட்டுக்கொள்ளவில்லை.

யெராய் பதிவுக்கூடம் வைத்திருந்தது பழைய கார் பட்டறையில். இன்னும் எண்ணெய் வாசம் போகவில்லை. அவளைப் பார்த்ததும் எழுந்து, கட்டிப்பிடிப்பதா கையைக் கொடுப்பதா என்று தெரியாமல் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"காதிஸுக்குச் சரின்னு சொல்ல வந்தியா?"

"இல்ல. அண்ணன் தட்டினது வேணும். நேராக்கறதுக்கு முன்னாடி இருந்தது. இருக்கா, அழிச்சுட்டியா?"

"அழிப்பேனா?" அவன் முகம் சிறுத்தது. "என்னை என்னன்னு நினைச்சே?"

அவன் தேடி எடுத்தான். திரையில் வரிசை வரிசையாகக் கட்டங்கள், கட்டத்துக்குள் அடங்காமல் இப்படியும் அப்படியும் சாய்ந்து நிற்கிற கோடுகள். ஒவ்வொரு கோடும் ஒரு தட்டு. யெராய் ஒன்றைச் சுட்டிக்காட்டினான்.

"இங்க பாரு. மேளத்துக்கு இது தாமதம். மேளம் யாருக்கும் நிக்காது. அது மேளத்தோட தப்பில்ல, அதோட வேலையே அதுதான். ஆனா உன் குரலை வெச்சுப் பார்த்தா..."

"தெரியும்" என்றாள் ரெமெ. "எங்க அம்மா கேக்கணும். மேளத்தை எடுத்துடு. என் குரலையும் எடுத்துடு. எங்க வீட்டுல துக்கம், பாட்டு வரக்கூடாது. கை மட்டும் போதும்."

"வெறும் கையா?"

"வெறும் கை."

அவன் அவள் போனுக்கு அனுப்பிவைத்தான். கேட்டுப் பார்க்கிறாயா என்று கேட்டதற்கு, இங்கே வேண்டாம் என்றாள். வாசல்வரை வந்து வழியனுப்பினான். அன்றைக்கும் அதே சிவப்புக் காலணி. "நார்தோ என்னைத் திட்டியிருப்பாரு, இல்ல?" என்றான். "உன்னை இல்ல" என்றாள் ரெமெ.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாடு ஒதுக்கிய மேசையில், மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். மாமாவை ரெமெதான் வரச்சொல்லியிருந்தாள். போனை மேசை நடுவில் வைத்தாள். முதலில் பொய்யைத் திருப்பி எடுத்துக்கொண்டாள்.

"அம்மா, நேராக்கச் சொன்னது யெராய் இல்ல. நான்தான்."

என்கார்னா மகளைப் பார்த்தாள். பல நாளைக்கு அப்புறம் நேராகப் பார்த்தாள்.

"இது நேராக்காதது. பாட்டு கிடையாது. கை மட்டும்தான். கேக்கறதும் வேண்டாங்கறதும் உன் இஷ்டம்."

"துக்க வீட்டுல..." என்று என்கார்னா ஆரம்பித்துத் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். ஊர் வழக்கு தீர்க்கிறவர் இல்லையா. பிராஸ்கோ மாமாவுக்கு வாழ்நாளில் அக்கா கேட்ட முதல் தீர்ப்பு இது. நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"கை தட்டறது பாட்டு ஆகாதுக்கா. கொசு அடிக்கவும் தட்டறோம். மாவு தட்டறோம். அதுக்கெல்லாம் துக்கம் பார்த்தா நாம பட்டினிதான்."

"கொசுவாம்" என்றாள் என்கார்னா. பிறகு, "போடு" என்றாள்.

ரெமெ போட்டாள்.

முதலில் ஒன்றுமில்லை. ஒரு நாற்காலி நகர்ந்தது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள், ஜனவரிக் குளிர். அப்புறம் தட்டு ஆரம்பித்தது. முதலில் உள்ளங்கையைக் குவித்து, மூடிய தட்டு. மெதுவாக, பக்கத்து அறையில் யாரோ நடப்பதுபோல. அப்புறம் விரல்கள் திறந்துகொண்டன. சுள்ளி ஒடிந்தது, ஒடிந்தது. சமையலறை நிறைந்துவிட்டது. மாமா தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்கார்னா அசையவில்லை. தாளம் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, மறு சுற்றில் ஓரிடத்தில், கொஞ்சம் நின்றது. ஒரு நூலளவுதான். பிறகு தொடர்ந்தது.

அடுத்த சுற்றிலும் அதே இடத்தில் நின்றது.

"இதான் இவன் நடை" என்றாள் என்கார்னா. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் தானாக இறங்கியது, துடைக்கவில்லை. "இதான். ஆனா இங்க எதுக்குடி நிக்கிறான்? தப்பு பண்ண மாட்டானே. இவன் எதுக்கு நிக்கிறான்?"

ரெமெ சொல்ல வேண்டியது இதுதான். இதைச் சொல்லாமல் இருக்கத்தான் மார்ச் மாதத்தில் அவன் தட்டை நேராக்கச் சொன்னாள்.

"எனக்காக நிக்கிறான். நான் அங்க மூச்சு வாங்கறேன். எனக்கு மூச்சு நீளம் பத்தாதும்மா, உனக்குத் தெரியுமே. நான் வாங்கி முடிக்கற வரைக்கும் பார்த்துட்டு நின்னுட்டு, அப்புறம் தட்டறான்." அவள் முகத்தைக் கறுப்புச் சட்டையின் கைப்பகுதியால் அழுத்தித் துடைத்தாள். "இப்பவும் நிக்கிறான் பாரு. நான் இல்ல அங்க. சும்மாவே நிக்கிறான்."

கை தட்டிக்கொண்டே போனது. மறுபடியும் அந்த இடம் வந்தது. நின்றது. அந்த இடத்தில் ரெமெக்குத் தன்னை அறியாமல் மூச்சு உள்ளே போனது. பாடவில்லை, வாயைக்கூடத் திறக்கவில்லை. மூச்சு மட்டும். அது நின்ற கணத்தில், சொல்லி வைத்ததுபோல, அவன் கை வந்து விழுந்தது.

என்கார்னா அதைக் கேட்டாள்.

"பள்ளிக்கூடம் போறப்போ நான்தான் இவனுக்குச் சொல்லிவெச்சேன்" என்றாள் மெதுவாக. "தங்கச்சிய விட்டுட்டு வந்தே, தோலை உரிச்சிடுவேன்னு. ஒவ்வொரு தெருமுனையிலயும் நின்னு திரும்பிப் பார்ப்பான். நீ வந்து சேர்ந்தாத்தான் அடுத்த அடி வைப்பான்." அவள் கை மேசைமேல் இருந்தது. அது தானாக மடங்கி, முட்டியால் பலகையைத் தட்ட ஆரம்பித்தது. மிக மெதுவாக, அவன் தட்டுக்கு நடுவில் விட்ட இடங்களில். வீட்டுப் பெண்கள் மேசையில் போடுகிற பழைய எதிர்த்தாளம். "அந்தத் தும் தும்மும் ஒண்ணும் மோசமில்ல. அவனுக்குப் பிடிச்சுத்தானே போனான். அது அது பாட்டுக்குத் தெருவுல ஓடட்டும். ஆனா இங்க இவன் ரொம்ப நேரமா நிக்கிறான்டி."

"அம்மா?"

"பாடு. எவ்வளவு நேரம் நிப்பான்?"

பிராஸ்கோ மாமா திடுக்கிட்டு எழுந்து ஜன்னலைப் பார்த்தார். சாத்தித்தான் இருக்கிறது, கொக்கியும் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கப் போனார். ஊர் வாய் அவருக்குத் தெரியும்.

"அதைத் திற" என்றாள் என்கார்னா.

"அக்கா, எல்லாரும் கேப்பாங்க."

"கேக்கட்டும். யாராவது கேட்டா, என் மகன் நிக்கிறான், நான்தான் பாடச் சொன்னேன்னு சொல்லு."

கொக்கி விலகியது. வெளிச்சம் அடுப்படிவரை வந்து விழுந்தது. கை ஒரு சுற்று முடித்து அந்த இடத்துக்கு வந்து நின்றது. ரெமெ மூச்சை இழுத்துக்கொண்டு, வெளிக்கதவைச் சாத்தாதே என்று ஆரம்பித்தாள். கீழே தெருவில் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.